பாம்புத்தாரா சூரிய நமஸ்காரம் செய்வதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏரிக்கரை நடையில் ஆன்மிகம் காண்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுக் காலையில் கரைப்பக்கம் போகச் சொல்கிறார் கட்டுரையாளர். அந்த ஒரு யோசனைக்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கொக்கு பொறுமையைப் போதிக்கிறது, மீன்கொத்தி மன ஒருமையைப் போதிக்கிறது, தாமரை பற்றின்மையைப் போதிக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் பாடவேளை ஒதுக்கியிருக்கிறாரே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

முதலில் ஒரு திருத்தம். படத்தில் பட்டுப்போன கிளையில் இறக்கை விரித்து நிற்பதை நீர்க்காகம் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது பாம்புத்தாரா. நீர்க்காகமும் அப்படி நிற்கும் என்பதால் குழப்பம் வருவது இயல்பு. அலகைப் பாருங்கள்: நீர்க்காகத்துக்கு நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும், இதற்கு நேராகக் கூர்மையாக இருக்கும். கழுத்தும் மெலிந்து நீண்டது. நீந்தும்போது உடம்பு அமிழ்ந்து கழுத்து மட்டும் மேலே தெரிவதைப் பார்த்துப் பாம்பென்று பயந்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

அந்த நிலையைக் கட்டுரையாளர் 'சூரிய நமஸ்காரம்' என்கிறார். உண்மையில் நாம் கொடியில் துணி உலர்த்துகிற மாதிரியான வேலைதான் அது. வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது. பாம்புத்தாராவின் இறகோ நன்றாக நனைந்துவிடும். நனைவதால்தான் மேலே மிதந்துவிடாமல் நீருக்குள் மூழ்கிப்போய் மீனைக் குத்த முடிகிறது. கரையேறியதும் காய்ந்தே ஆக வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குப் பக்தி கூடியதே தவிரக் குறையவில்லை. நமக்குச் சேதி சொல்வதற்காக அது அங்கே நிற்கவில்லை. நான் கரையில் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்த இறகு காயும். நான் இல்லாமலே எல்லாம் நடக்கிறது என்று நினைக்கும்போது ஒரு நிம்மதி வருகிறதே, அதைத்தான் நான் ஆன்மிகம் என்பேன்.

பறவைகளிடம் நீதி கேட்கப் புறப்பட்டால் வம்பில்தான் முடியும். இலைக்கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லி இலை மேல் நீண்ட விரல்களை ஊன்றி நடக்கும் அழகான பறவை. முட்டையை அடைகாத்துக் குஞ்சை வளர்ப்பது ஆண். பெண்ணோ முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். இதில் எந்தப் பாதியை உபதேசமாகக் கொள்வது? என் வீட்டுக்காரரிடம் முதல் பாதியை மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். கரைப் பனைமரத்தில் தூக்கணாங்குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுப் பெட்டைக்குக் காட்டும். பிடிக்காவிட்டால் அது திரும்பிப் பார்க்காமல் போய்விடும். இதற்கு என்ன நீதி எழுதுவார் என்று தெரிந்துகொள்ள ஆசைதான்.

நான் நாத்திகம் பேசவில்லை. மதுராந்தகம் வட்டத்துக்காரி நான். ஏரி காத்த ராமரைச் சிறு வயது முதல் சேவித்து வருகிறேன். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லியோனல் பிளேஸ், பெருமழை நாளில் ஏரி உடையுமென்று அஞ்சிப் போனபோது, கரையில் வில்லேந்திய இருவர் காவல் நின்றதைக் கண்டார் என்பது எங்கள் ஊர்க் கதை. தாயார் சந்நிதி அவர் செய்த கைங்கரியம். நடந்ததா இல்லையா என்ற விசாரணை வேறு. எங்கள் கதையில் தெய்வம் கரையில் நின்று பாடம் எடுக்கவில்லை, ஏரியைக் காத்தது.

பக்கத்து வேடந்தாங்கலுக்கும் அதே கலெக்டரின் பெயர் தொடர்புடையது. சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட, வேட்டைக்குத் தடைவிதித்து 1798 வாக்கில் அவர் உரிமைச்சீட்டு கொடுத்ததாக வரலாறு. ஊரார் கேட்டதற்குக் காரணம், எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். அதைச் சுயநலம் என்று தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாரையின் எச்சம் நெல்லாகித் தன் தட்டுக்கு வருகிறது என்று உணர்ந்தவர் பறவைக்கு எத்தனை நெருக்கமானவர்! உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று வேடந்தாங்கலுக்கு 2022-ல் கிடைத்த ராம்சர் தகுதிக்கு வித்திட்டவர்கள் அந்த விவசாயிகள்தாம்.

கட்டுரையின் கடைசியில், புண்ணியத்துக்காகப் பறவைகளுக்குப் பொரியும் பிஸ்கட்டும் போடச் சொல்லியிருக்கிறார். இதை மட்டும் தயவுசெய்து மறுத்து வெளியிடுங்கள். மீனும் நத்தையும் தின்னும் பறவைக்குப் பிஸ்கட் தேவையில்லை. மிச்சம் தண்ணீரில் அழுகும், உறை கரையில் கிடக்கும், தெருநாய் தேடி வரும். தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக்கு நாயைவிடப் பெரிய ஆபத்து வேண்டாம். ஏதாவது செய்தே தீர வேண்டும் என்பவர்கள் ஒரு சாக்குப் பையோடு போய், கிடக்கிற உறைகளைப் பொறுக்கி வரட்டும்.

இப்படிக்கு,
ஏரிக்கரை வாசகி,
மதுராந்தகம் வட்டம்