ஒன்பது இடங்கள் ஏன் நான்காயின: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பும் மதிப்பும் மிக்க வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

கடந்த மூன்று வாரங்களாக எங்கள் பயண நிறுவனத்தைப் பற்றிய ஒரு செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிலர் அதை எங்களுக்கே அனுப்பி, "இது உண்மையா?" என்று அக்கறையோடு கேட்டிருக்கிறீர்கள். ஆறு நாள் பயணத்தில் முன்பு ஒன்பது இடங்களைக் காட்டிய நாங்கள் இப்போது நான்கை மட்டுமே காட்டுகிறோம் என்றும், பிற்பகல்களில் பயணிகளைச் சும்மா உட்கார வைத்து அதற்கும் பணம் வாங்குகிறோம் என்றும் அதில் எழுதியிருக்கிறது. ஒன்பது நான்கானது உண்மை. பிற்பகல்களில் நிகழ்ச்சி எதுவும் வைப்பதில்லை என்பதும் உண்மை. செலவை மிச்சப்படுத்தத்தான் இப்படிச் செய்தோம் என்ற கடைசி வரி மட்டும் உண்மையில்லை. அந்த ஒரு வரிக்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போகிறவர்கள். சேர்ந்தாற்போல் ஒரு வாரம் விடுப்பு கிடைப்பதே அவர்களுக்குப் பெரும்பாடு. கிடைத்த நாட்களில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள்; நாங்களும் அப்படியே வகுத்துக் கொடுத்தோம். காலை நாலரைக்கு எழுப்பி, ஐந்தரைக்கு வண்டியில் ஏற்றி, இரவு பத்து மணிக்கு அறையில் கொண்டுபோய் விட்டோம். அப்படிப்பட்ட ஒரு பயணத்தின் ஐந்தாம் நாள், அருவியின் முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு வாடிக்கையாளர் கைப்பிடிக் கம்பியில் தலை சாய்த்து, நின்றபடியே உறங்கிப்போயிருந்தார். தோளைத் தொட்டதும் விழித்துக்கொண்டு, "ஒன்றுமில்லை, திங்கட்கிழமை அலுவலகம் போய்விட்டால் சரியாகிவிடும்" என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் களைப்பாற எங்களை நம்பி வந்தவர் களைப்பாறுவதற்கு அலுவலகத்தை எதிர்பார்க்கும்படி செய்துவிட்டோமே என்ற எண்ணம் என்னை விடவில்லை.

அதன் பிறகுதான், வேலைப்பளு மிக்கவர்களுக்குப் பயணம் என்ன நன்மை செய்கிறது, எப்படிச் செய்கிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவில் இதயநோய் அபாயம் அதிகமுள்ள 12,000-க்கும் மேற்பட்ட நடுவயது ஆண்களை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றில், ஆண்டுதோறும் தவறாமல் விடுமுறை எடுத்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது என்ற முடிவு 2000-இல் வெளியானது. உடல்நலமும் வசதியும் உள்ளவர்களால்தான் அடிக்கடி விடுமுறை எடுக்கவும் முடிகிறது என்பதால், பயணம் ஒன்றே ஆயுளைக் கூட்டும் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. அதனால்தான் எங்கள் விளம்பரத்தில் அப்படி ஒரு சொல்லை நாங்கள் போட்டதில்லை.

எனக்கு அதிகம் பயன்பட்டவை வேறு இரண்டு ஆய்வுகள். விடுமுறைக்குச் சென்றவர்களையும் செல்லாதவர்களையுமாக 1,530 பேரிடம் நெதர்லாந்தில் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புறப்படுவதற்கு முன் பயணிகளின் மகிழ்ச்சி மற்றவர்களுடையதைவிட அதிகமாக இருந்தது. திரும்பி வந்தபின் இரு தரப்பினருக்கும் வேறுபாடே தென்படவில்லை. விதிவிலக்காக ஒரு சாரார் மட்டும் இருந்தார்கள்: தங்கள் பயணம் மிக நிம்மதியாக அமைந்தது என்று சொன்னவர்கள். நிம்மதியில்லாத பயணத்தால் ஊர் திரும்பிய பிறகு கையில் எதுவும் மிஞ்சவில்லை என்பதே இதன் பொருள். பயணத் தொழிலில் இருக்கும் ஒருவருக்கு இதைப் படிப்பது எளிதாக இருக்கவில்லை.

மற்றொன்று ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலாளர் சபீனே சோனென்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் என்பவருடன் இணைந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு. வேலை முடிந்தபின் மனம் தேறுவதற்கு உதவும் அனுபவங்களாக அவர்கள் நான்கைச் சொல்கிறார்கள்: வேலையின் நினைப்பிலிருந்து விலகியிருத்தல், தளர்வாக இருத்தல், புதிதாக ஒன்றைக் கற்றுப் பழகுதல், தன் நேரத்தைத் தானே தீர்மானித்தல். கடைசியாகச் சொன்னதைப் படித்தபோது எங்கள் பழைய பயணத் திட்டத்தின் குறை எனக்கு விளங்கியது. அலுவலகத்தில் ஒவ்வொரு மணி நேரமும் இன்னொருவர் கையில் இருக்கிறது. இங்கும் வந்து, விசில் ஊதினால் வண்டி ஏறு, விசில் ஊதினால் இறங்கு என்றால், மேலாளர் மாறியிருக்கிறாரே தவிர நேரம் பயணியின் கைக்கு வரவில்லை. அந்தச் செய்தி 'சும்மா உட்கார வைக்கிறார்கள்' என்று குறிப்பிடும் பிற்பகல்கள், பயணி தன் நேரத்தைத் தானே ஆள்வதற்காக நாங்கள் வேண்டுமென்றே ஒதுக்கி வைத்தவை. அந்த நேரத்திலும் வண்டி, ஓட்டுநர், உள்ளூர் வழிகாட்டி மூவரும் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு முழு நாள் ஊதியம் தருகிறோம். ஆகவே இதில் எங்களுக்கு மிச்சமாவது எரிபொருளில் ஒரு சிறு பங்கு மட்டுமே. கணக்கைப் பார்க்க விரும்பும் வாடிக்கையாளர் எவரும் அலுவலகத்துக்கு வந்து பார்க்கலாம்; இதை மனப்பூர்வமாகவே சொல்கிறேன்.

முதல் இரவு தங்கிய மறுநாள் காலையில் ஏன் எந்த இடத்துக்கும் அழைத்துச் செல்வதில்லை என்றும் சிலர் கேட்டிருந்தீர்கள். புதிய இடத்தில் உறங்கும் முதல் இரவில் மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாக இருந்து காவல் காக்கிறது என்பதை பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள். அந்த உறக்கம் அரை உறக்கம்தான். அதனால்தான் முதல் காலையை உங்களிடமே விட்டுவிடுகிறோம்.

புதிய முறையில் நடத்திய முதல் மலைப் பயணத்தில் நானும் உடன் சென்றேன். மென்பொருள் நிறுவனத்தில் குழுத்தலைவராக இருக்கும் ஒரு பெண்மணி, முதல் இரண்டு நாட்களும் சன்னலோர இருக்கையில் அமர்ந்து கைப்பேசியையே பார்த்துக்கொண்டு வந்தார். மலை அவர் கண்ணில் படவேயில்லை. மூன்றாம் நாள் பிற்பகல், ஓடைக்கரையில் கால்களைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செருப்புகளைக் கல்லின்மேல் வைத்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி அவற்றினுள் போட்டிருந்தார். இரண்டு மணி நேரம் கழித்து வந்து, "இங்கே தவளை எத்தனை விதமாகக் கத்துகிறது, கவனித்தீர்களா?" என்று கேட்டார். நான் கவனித்திருக்கவில்லை. ஒன்பது இடத் திட்டத்தில் அந்த ஓடைக்கு நாங்கள் ஒதுக்கியிருந்தது இருபது நிமிடம்.

எங்களிடம் நெடுங்காலம் வழிகாட்டியாக இருந்தவர் விலகியதால்தான் பயணத்தைச் சுருக்கினோம் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அவர் சொந்தக் காரணங்களுக்காக விலகினார். அதற்குப் பல மாதங்கள் முன்பே இந்தத் திட்டம் முடிவாகிவிட்டது. அவர்மேல் எங்களுக்கு மரியாதையே உண்டு.

எல்லோருக்கும் இந்த முறை பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறு. குறைந்த நாளில் நிறையப் பார்த்தால்தான் மனம் நிறைகிறது என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் விருப்பத்தைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. மாற்றத்தை உங்களிடம் முன்கூட்டியே விளக்காமல் நிரலை மட்டும் மாற்றி அனுப்பியது எங்கள் பிழை. அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். முன்பதிவு செய்தபோது பழைய நிரலைப் பார்த்து, பயணத்துக்கு வந்தபின் ஏமாற்றமடைந்த இரண்டு குடும்பங்களிடமும் நேரில் பேசியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு மாற்றங்களைச் செய்கிறோம். இனி எல்லாப் பயணங்களும் சனிக்கிழமை மாலையில் முடியும். ஞாயிறு முழுவதும் வீட்டில் இருந்துவிட்டு நீங்கள் வேலைக்குத் திரும்பலாம். பயணத்தின் பலன் வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பெருமளவு கரைந்துவிடுகிறது என்று ஆய்வுகள் சொல்லும்போது, இரவு வண்டியில் வந்திறங்கி நேராக அலுவலகம் போவது அந்தக் கொஞ்சத்தையும் இழப்பதாகும். ஆண்டுக்கு ஒரே நீண்ட பயணம் போகிறவர்களுக்காக, அதை இரண்டு சிறு பயணங்களாகப் பிரித்துக்கொள்ளும் வசதியும் உண்டு. எதிர்பார்த்திருப்பதன் மகிழ்ச்சி இருமுறை கிடைக்கும் என்பதால், இதையே நான் பரிந்துரைப்பேன். அடுத்த மாதம் முதல் கட்டணம் சற்று உயர்கிறது. பதிவை ரத்து செய்யும் கெடுவும் 15 நாளிலிருந்து 30 நாளாகிறது. விவரம் பதிவுப் படிவத்தில் உள்ளது.

அந்தச் செய்தி பரவிய நாட்களில், நாங்கள் கேட்காமலேயே எங்களுக்காகக் குழுக்களில் பதில் எழுதிய வாடிக்கையாளர்களை என்றும் மறக்க மாட்டேன். பெருந்தொற்றுக் காலத்தில் வண்டிகள் ஓடாமல் நின்றபோது, முன்பணத்தைத் திருப்பிக் கேட்காமல் "அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னவர்களும் நீங்கள்தான். அந்தத் தொகையில் இன்னும் பயன்படுத்தாமல் இருப்பதைப் பழைய கட்டணத்திலேயே ஏற்றுக்கொள்கிறோம். கைவசம் ரசீது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் பெயர் எங்கள் பதிவேட்டில் இருக்கிறது.

மிகுந்த நன்றியுடன்,
உரிமையாளர்