மாரிக்கு முன் கூரை போட வேண்டும்: சின்னப் பிள்ளைகளின் ஆங்கில வகுப்புக்காக ஒரு வேண்டுகோள்

அன்பான ஊர் உறவுகளே, வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கைமாரே,

சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறோம். சனசமூக நிலையத்தோடு சேர்ந்த கொட்டகையில் நடக்கும் ஆங்கில வகுப்புக்கு 7 இலட்சத்து 82 ஆயிரம் ரூபா குறைகிறது. ஐப்பசி பிறந்தால் மழை. மேற்குப் பக்கக் கூரை போன மாரியிலேயே ஒழுகத் தொடங்கிவிட்டது, பிள்ளைகளை ஒரு மூலையில் நெருக்கி இருத்தித்தான் வகுப்பு நடத்தினோம். இந்த மாரியை அது தாங்காது. வேலையைப் பொறுப்பெடுத்த பாஸ், தான் சொன்ன விலை புரட்டாதி முடியும் வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு தகரத்தின் விலை என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

இந்த ஊர் யாரும் கட்டித் தந்த ஊர் இல்லை என்பது பெரியவர்களுக்குத் தெரியும், இளையவர்களுக்காக ஒருமுறை சொல்கிறோம். கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வந்த எங்கள் அப்பு ஆச்சிமார் காடு வெட்டினார்கள், யானைக்குக் காவல் இருந்தார்கள், காய்ச்சலில் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். முதல் போகம் நெல் வீட்டுக்கு வந்ததும் அவர்கள் செய்த முதல் வேலை, கிடுகால் வேய்ந்து ஒரு பள்ளிக்கூடக் கொட்டில் போட்டது. தங்களுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாவிட்டாலும் பிள்ளை வாசிக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள். வன்னியை ஆண்ட பண்டார வன்னியன் 1803 இல் வெள்ளைக்காரனின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த மண் இது என்று மேடைதோறும் பேசுகிறோம். அந்தப் பெருமை எங்களுக்கும் உண்டு. ஆனால் இந்த ஊரை நிமிர்த்தியது அந்தக் கிடுகுக் கொட்டில் என்றுதான் நாங்கள் சொல்வோம்.

சரி, ஆங்கில வகுப்பு எதற்கு, அதுவும் நாலு வயதுப் பிள்ளைக்கு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள்.

எங்கள் பாடசாலைகளில் தரம் 1, 2 இல் ஆங்கிலம் விளையாட்டும் வாய்ப்பேச்சுமாகத்தான் வரும். தரம் 3 இல் புத்தகம் வந்துவிடும். அப்போதுதான் பிள்ளை வீட்டில் வந்து கேட்கத் தொடங்கும். யாரிடம் கேட்கும்? இன்றைக்கு இந்த ஊரில் சின்னப் பிள்ளை வைத்திருக்கும் தாய் தகப்பன்மாரில் நிறையப் பேர் போர் முடிந்த 2009 இல் எட்டு, ஒன்பது வயதில் இருந்தவர்கள். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, அப்புறம் மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஓடியவர்கள். தரம் 3 ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்க வேண்டிய வயதில் பங்கருக்குள் இருந்தவர்கள். செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே படித்து, மீளக்குடியேறி, விட்ட இடத்தைப் பிடிக்க முடியாமல் சாதாரண தரத்தோடு நின்றவர்கள். அவர்களுக்கு அறிவு குறைவென்று யாரும் சொல்ல முடியாது. படிக்க வேண்டிய ஆண்டுகளைத்தான் அவர்களிடம் இருந்து பறித்துவிட்டார்கள். அந்த இழப்பு அவர்களுடைய பிள்ளைகளின் கொப்பிக்குள்ளும் வந்து உட்காருவதை நாங்கள் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. அந்தத் தாய் தகப்பனால் சொல்லிக்கொடுக்க முடியாததை ஊர் சொல்லிக்கொடுக்க வேண்டும், எங்கள் நோக்கம் முழுவதும் இதுதான்.

வகுப்பு சனி, ஞாயிறு பின்னேரங்களில் நடக்கிறது, அறநெறி வகுப்போடு மோதாது. 46 பிள்ளைகள், நாலு வயதிலிருந்து ஏழு வயது வரை. படிப்பிக்கும் இரண்டு ரீச்சர்மாரும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான். பரீட்சை இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. எழுந்து நில், கதவைத் தொடு, சிவப்புப் பந்தை எடு என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் செய்வார்கள். ஒருநாள் ரீச்சர் ஒரு மெல்லிய கடதாசித் துண்டை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு 'பென்' என்றா. துண்டு துள்ளியது. பிள்ளைகள் சொன்னபோது துள்ளவில்லை, ஏனென்றால் எங்கள் 'ப'வில் அவ்வளவு காற்று வராது. அது துள்ளும் வரைக்கும் விடமாட்டோம் என்று அத்தனை பேரும் நின்று ஊதிக்கொண்டிருந்தார்கள். வெளியே யன்னலடியில் நின்ற ஒரு தாய் தன் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து மெதுவாகச் சொல்லிப் பார்த்ததையும் கண்டோம். அதற்குப் பிறகுதான் தாய்மாருக்கும் உள்ளே கதிரை போட்டோம்.

வகுப்பு முடிந்து போகும்போது ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு சின்ன அட்டை கொடுக்கிறோம், அன்றைக்கு என்ன செய்தோம் என்பது அதில் தமிழில் இருக்கும். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியத் தேவையில்லை. பிள்ளை சொல்லிக் காட்டுவதைக் கேட்டுக்கொண்டு இருந்தால் போதும்.

தமிழ் கெட்டுவிடும் என்று பயப்படுகிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பயம் நியாயமானது, ஆனால் இங்கே அப்படி நடக்காது. வீட்டில் நல்ல தமிழில் கதை சொல்லுங்கள், நிறையப் பேசுங்கள் என்றுதான் ரீச்சர்மாரும் பெற்றோருக்குச் சொல்கிறார்கள். முதல் மொழியில் பிள்ளைக்கு வரும் வலு இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும் என்று, கனடாவில் இருமொழிப் பிள்ளைகளைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் 1979 இலேயே எழுதியிருக்கிறார். சின்ன வயதில் தொடங்கினால் எல்லாம் தானாக வந்துவிடும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. இலக்கணத்தைப் பெரிய பிள்ளைகள்தான் விரைவாகப் பிடிப்பார்கள். சின்னவர்களுக்கு ஒலி படியும், கூச்சம் இருக்காது. எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது அந்தக் கூச்சம் இல்லாத வாய்தான்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் ஏ-9 வீதியால் பஸ்ஸில் போகும்போது பார்க்கிற இடம். உயர்தரத்தைத் தமிழில் எழுதிவிட்டு அங்கே போகிற பிள்ளைக்கு விரிவுரை ஆங்கிலத்தில். உயர்தரத்தில் எழுதும் பொது ஆங்கிலம் பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கில் வராது என்று அதைக் கவனிக்காமல் விட்டவர்கள் அங்கே போய்த்தான் திணறுகிறார்கள். வன்னியில் நிற்கும் பீடத்தில் வன்னிப் பிள்ளை வாய் திறக்கப் பயந்துகொண்டு இருக்கலாமா?

இனிக் கணக்கு. கூரைக்குத் தகரம், மரம், கூலி எல்லாம் சேர்த்து 4 இலட்சத்து 60 ஆயிரம். இரண்டு ரீச்சர்மாருக்கும் ஆளுக்கு மாதம் 22,000 படி ஒரு வருடத்துக்கு 5 இலட்சத்து 28 ஆயிரம். படப் புத்தகம், அட்டை, கலர் பென்சில் 75,000. வகுப்பு நாட்களில் கொடுக்கும் பயறு, கடலைக்கு 96,000. இரண்டு மின்விசிறியும் வயர் வேலையும் 38,000. மொத்தம் 11 இலட்சத்து 97 ஆயிரம். கையில் இருப்பது 4 இலட்சத்து 15 ஆயிரம். கூரையையும் மின்விசிறியையும் விட்டுப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு மாதம் 1,300 ரூபா கூட வராது.

ரீச்சர்மாருக்குக் கடைசி இரண்டு மாதக் காசு இன்னும் கொடுக்கவில்லை. அவர்கள் வாய் திறந்து கேட்கவில்லை. கிளிநொச்சி ரவுணில் தனியார் வகுப்புக்குப் போனால் இதைவிடக் கூட வரும் என்று தெரிந்தும் இங்கே வருகிறார்கள். அவர்கள் கேட்காமல் இருப்பதாலேயே நாங்கள் கொடுக்காமல் இருப்பது பாவம்.

இதுவரை தந்தவர்களை நினைக்காமல் எழுத மனம் வரவில்லை. பேரனின் முதலாவது பிறந்தநாளுக்கு மண்டபம் எடுக்க வைத்திருந்த காசை அப்படியே அனுப்பிய ரொறன்ரோ அக்கா, உங்கள் பேரன் நீடூழி வாழ வேண்டும். இரவு வேலை செய்து மாதாமாதம் தவறாமல் அனுப்பும் சுவிஸ் தம்பிமார் மூன்று பேர், பெயர் போடக் கூடாது என்று நீங்கள் சொன்னதால் போடவில்லை. காலபோகம் வெட்டியதும் இரண்டு மூட்டை நெல்லைக் கொண்டுவந்து இறக்கி, விற்றுக் காசை எடுங்கோ என்று சொன்ன வயல்காரர். கரும்பலகை செய்து தந்த தச்சுத் தொழிலாளி ஐயா. அப்பம் சுட்டு விற்கிற அம்மா ஒருவர் சுருக்குப்பையில் இருந்து 500 ரூபாவை எடுத்து, எனக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை, இவையள்தான் பேரப்பிள்ளைகள் என்றா. முதற் கணக்குப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் அவவின் பெயர்தான் இருக்கிறது. உங்கள் எல்லோருக்கும் வற்றாப்பளை அம்மாளாச்சியும் மடு மாதாவும் துணை நிற்க வேண்டும்.

அந்த அம்மாவால் 500 தர முடிந்தது என்றால் மற்றவர்களும் யோசிக்க வேண்டும். வைகாசிப் பொங்கலுக்கு வந்திருந்தபோது கொட்டகையைப் பார்த்து, பிள்ளைகளோடு படம் எடுத்து, கட்டாயம் செய்வோம் என்று சொல்லிப் போனவர்கள் இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டோம், உங்களுக்குத் தெரியும். கோயில் திருப்பணிக்கு அள்ளிக் கொடுத்த கைகள் இவை, அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை, நாங்களும் கொடுத்தோம். இந்தப் பிள்ளைகளும் அம்மாளின் பிள்ளைகள்தானே. உங்கள் பிள்ளைகள் இலண்டனிலும் ஸ்காபரோவிலும் நேர்சரியிலேயே ஆங்கிலம் பேசுகிறார்கள். இந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் இங்கே இருப்பவர்களை மறந்துவிட்டார்கள் என்ற பேச்சு எங்கள் காதில் விழுவதை நாங்கள் விரும்பவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கும் சொல்கிறோம், வெளிநாட்டுக் காசை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். வீட்டுக்கு 1,000 ரூபா கேட்டோம், பாதி வீடுகள் இன்னும் தரவில்லை. முடியாதவர்கள் இரண்டு தரமாகத் தாருங்கள், நெல்லாகவும் தரலாம்.

காசு புரட்டாதி 20 ஆம் திகதிக்கு முன் வந்தால் தகரத்துக்கு முற்பணம் கட்டலாம். வங்கிக் கணக்கு விபரத்தைக் குழுவின் செயலாளரிடமோ பொருளாளரிடமோ நேரில் அல்லது வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள், வேறு யாருடைய கணக்குக்கும் போட வேண்டாம். ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வரும், வரவு செலவு மாத முடிவில் சனசமூக நிலையப் பலகையில் ஒட்டப்படும். பழைய கூரையைக் கழற்றும் வேலையைச் சிரமதானமாகச் செய்கிறோம், பாஸ் நாள் சொன்னதும் அறிவிப்போம். இளைஞர்கள் ஏணியும் அலவாங்கும் கொண்டுவாருங்கள், மத்தியானச் சாப்பாட்டை மாதர் சங்கம் பொறுப்பெடுத்திருக்கிறது.

இப்படிக்கு,
வகுப்புக் குழுவினர்