வெள்ளி நானோ துகள் ஆய்வுக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

வேப்பிலைச் சாற்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள்களை, அதாவது கண்ணுக்குப் புலப்படாத மிகச்சிறு வெள்ளித் துணுக்குகளை உருவாக்கி, மார்பகப் புற்றுநோய்ச் செல்களின்மீது அவற்றின் செயல்பாட்டை ஆராய்ந்த எங்கள் பணி நிறைவுற்றுள்ளது. அதற்குத் தோள்கொடுத்தவர்களுக்கு நன்றி கூறவே இம்மடல்.

முதல் நன்றி தாவரவியல் பேராசிரியருக்கு உரியது. வேம்பை யார்தான் அறியார் என்று நாங்கள் எண்ணியிருக்க, அவரோ பூவோடு கூடிய கிளையைக் கேட்டு வாங்கி, இனத்தை உறுதிசெய்து, உலர்தாவரத் தொகுப்பில் எண்ணிட்டுச் சேர்த்த பிறகே சாறெடுக்க ஒப்பினார். மின்னேற்றமுள்ள வெள்ளி அணுக்களாகிய வெள்ளி அயனிகளை, எலக்ட்ரான் அளித்து ஒடுக்கித் துகளாக்குவதிலும், அத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் காப்பதிலும் இலையிலுள்ள பாலிஃபீனால்கள் என்னும் தாவர வேதிப்பொருள்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அவற்றின் அளவு பருவத்துக்கேற்ப மாறுவதால், இலை பறித்த மாதத்தையும் குறித்து வைக்கச் சொன்னவர் அவரே.

வெளிர்மஞ்சள் கரைசல் பழுப்பாக மாறியதுமே துகள் உருவாகிவிட்டது என்று மகிழ்ந்த எங்களுக்காக, 400 முதல் 450 நானோமீட்டருக்குள் தோன்ற வேண்டிய ஒளி உறிஞ்சல் உச்சத்தை நிறமாலைமானியில் சரிபார்த்தவருக்கும், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்துத் தந்தவருக்கும் நன்றி.

செல் வளர்ப்புக் கூடத்து அம்மையாருக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது. செல்கள் உயிரோடுள்ளனவா என்று அறிய எம்டிடி என்னும் மஞ்சள் சாயத்தைப் பயன்படுத்தினோம்; உயிருள்ள செல்கள் அதை ஊதா நிறமாக்கும். ஆனால் தாவரச் சாற்றின் பாலிஃபீனால்களும் செல்லின் துணையின்றியே அதைச் செய்யக்கூடும் என்பதால், செல் இல்லாத குழிகளையும் தட்டில் சேர்க்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். சாறு தனியாகவும், துகளுக்கு வெள்ளி தரும் வெள்ளி நைட்ரேட் தனியாகவும் சோதிக்கப்பட்டன; நலமான செல்களின்மீதும் சோதனை நடந்தது. புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும் பொருள்கள் ஏராளம். நல்ல செல்லை விட்டுவைப்பவைதாம் அரிது என்பது அவர் கருத்து, இப்போது எங்கள் கருத்தும் அதுவே.

நாங்கள் பயன்படுத்திய எம்சிஎஃப்-7 என்னும் மார்பகப் புற்றுநோய்ச் செல்கள், 1970-இல் மறைந்த ஃபிரான்சஸ் மல்லன் என்னும் அமெரிக்கக் கன்னித்துறவியின் உடலிலிருந்து பெறப்பட்டவை. ஆய்வுக் கட்டுரைகளின் நன்றியுரையில் அவர் பெயரை அதிகம் காண முடிவதில்லை. இங்கேனும் அது இருக்கட்டும்.

எங்கள் பணியைக் கேள்வியுற்று, இது மருந்தாகக் கிடைக்குமா என்று விசாரித்த நோயாளிகளின் குடும்பத்தாருக்கும் நன்றியுடன் ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். இது வளர்ப்புத் தட்டிலுள்ள செல்களில் கண்ட முடிவு மட்டுமே. விலங்குச் சோதனையும் மனிதர்களிடத்து ஆய்வும் இன்னும் நடைபெறவில்லை. ஆகவே மருத்துவர் அளிக்கும் சிகிச்சையை நிறுத்திவிட வேண்டாம். நானோ வெள்ளி என்று விற்கப்படும் எதையும் உட்கொள்ளவும் வேண்டாம்.

நன்றியுடன்,
ஆய்வுக் குழுவினர்