டிராகன் கதைகள்: வெள்ளி இரவு வரை நேரம்

நண்பர்களே, டிராகனாக உருமாறும் காதலனும் போர்வீராங்கனையும் வரும் கதைகளை வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குள் அனுப்பிவிடுங்கள். இதுவரை வந்த மூன்றிலும் அவனைக் கண்டதும் நாயகி வாளைக் கீழே போட்டுவிடுகிறாள். பிறகென்ன வீராங்கனை!

பல்கேரிய நாட்டார் நம்பிக்கையில் 'ஸ்மேய்' என்றொரு டிராகன் உண்டு. அழகான இளைஞனாக வந்து காதலிப்பான்; அக்குளில் ஒளிந்திருக்கும் சின்னச் சிறகுகள் காட்டிக்கொடுத்துவிடும். அவன் மனம்வைத்த பெண் தலை வாராமல், ஊர் நடனத்துக்குப் போகாமல் வெளிறிப்போவாள். வீட்டார் மூலிகை நீரில் குளிப்பாட்டி அவனை விரட்டப் பார்ப்பார்கள். அவள் கையில் வாளும் இருந்தால்? அங்கிருந்து தொடங்குங்கள்.

சிறகை அவள் முதன்முதலில் பார்க்கும் காட்சியில் மட்டும் அவசரம் வேண்டாம். பிடிஎஃப் அனுப்பாமல் குழுவிலேயே தட்டச்சு செய்து போடுங்கள்.