கடல் கடக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கிட்டங்கி வேண்டும்

செட்டிநாட்டு ஊர்களின் நகரத்தார் சங்கக் காரியக்காரர்களுக்கும் அறக்கட்டளைப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

காரைக்குடி வட்டாரத்தில் ஒரு வங்கியில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி, அதில் பாதிக்கு மேல் கல்விக் கடன் மேசையிலேயே இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் தந்தையார் உங்களில் ஒருவர் வீட்டில் கணக்கு எழுதியவர். நான் படித்தது வள்ளல் அழகப்பர் 1947இல் தொடங்கிய கல்லூரியில். உங்களிடம் இதைக் கேட்கும் உரிமையை அந்த இரண்டும் எனக்குத் தந்திருப்பதாக நம்பி எழுதுகிறேன்.

இந்த ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்து பொருள் ஈட்ட, போன பிள்ளை தனியாகப் போனதில்லை. கடைநிலை வேலையான பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, கடையையே நடத்தும் மேலாளாக உயரும் வரை அவனைக் கணக்குக் கேட்கவும் தொழில் சொல்லித்தரவும் ஆள் இருந்தது. எத்தனை ஆண்டு, என்ன சம்பளம் என்பது புறப்படும் முன்பே எழுத்தில் இருந்தது. இறங்கிய ஊரில் கிட்டங்கி, அதாவது நகரத்தார் தொழில் நடத்தவும் தங்கவும் வைத்திருந்த பொது இடம், இருந்தது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் படுக்க இடமும் சாப்பாடும் கிடைத்ததோடு, அந்த நாட்டுச் சட்டம் இப்போது என்ன சொல்கிறது, யாரை நம்பலாம், யாரிடம் ஒதுங்கி இருக்க வேண்டும் என்ற செய்தியும் கிடைத்தது.

இன்று போகிறவர்கள் படிக்கப் போகிறார்கள். அவர்களில் பெண் பிள்ளைகளும் பலர். ஆண்கள் கடல் கடக்க, ஆச்சிமார் இரண்டு கட்டு வீட்டைக் காத்துக் கொண்டு கடிதத்துக்குக் காத்திருந்த ஊரில், மகளை ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் அனுப்பத் தாய்மார் கடன் பத்திரத்தில் கையெழுத்திட வந்து நின்றதை என் மேசையிலிருந்து பார்த்தேன். "கல்யாணத்துக்குச் சேர்த்த நகைதான், முதலில் அவள் படிக்கட்டும்" என்று ஒரு தாய் சொன்னபோது என் கண் நிறைந்துவிட்டது. என் வாழ்நாளில் இந்த மண்ணில் நடந்த மாற்றங்களில் இதையே பெரியது என்று நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பின்னால் கிட்டங்கியும் இல்லை, மேலாளும் இல்லை. சேர்க்கைக்குக் கமிஷன் வாங்கும் முகவர் ஒருவர்தான் இருக்கிறார்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி 2024இன் நடுப்பகுதியில் கனடாவில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். அரசுக் கல்லூரியின் பாடத்தை உரிமம் பெற்று நடத்தும் தனியார் கல்லூரி அது. அத்தகைய கல்லூரிகளில் அந்த ஆண்டு மே 15 அன்றோ அதற்குப் பிறகோ படிப்பைத் தொடங்குவோருக்கு, படித்து முடித்தபின் வேலை செய்யும் அனுமதி கிடையாது என்று அந்நாட்டு அரசு விதித்திருந்தது. முகவர் அதைச் சொல்லவில்லை. வங்கிகள் ஏழரை லட்சம் ரூபாய் வரைதான் பொதுவாகச் சொத்துப் பிணை இல்லாமல் கல்விக் கடன் தரும் என்பதால், அதற்கு மேல் தேவைப்பட்ட தொகைக்கு அவள் தந்தை வீட்டுப் பத்திரத்தை வைத்திருந்தார். அங்கே வேலை பார்த்துக் கடனை அடைத்துவிடலாம் என்ற கணக்கு முழுவதும் அந்த ஒரு விதியில் சரிந்தது. விண்ணப்பத்தை என்னிடம் காட்டியிருந்தால் அரை மணி நேரத்தில் சொல்லியிருப்பேன் என்ற வருத்தம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

இப்படிப்பட்ட விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. கனடா, பிழைப்புச் செலவுக்கு மாணவர் காட்ட வேண்டிய தொகையை 2024 ஜனவரியில் 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்த்தியது. இங்கிலாந்து அதே மாதத்திலிருந்து பெரும்பாலான முதுகலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்வதைத் தடுத்தது. வெளிநாட்டில் மருத்துவம் படிப்பவர் இங்கே பதிவு பெற, குறைந்தது 54 மாதப் படிப்பும், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும், ஆங்கில வழிக் கல்வியும் வேண்டும் என்று 2021இல் நம் நாடே விதி செய்தது. இவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் ஐந்தாறு ஆண்டு உழைப்பு வீணாகும்.

அந்நிய மண்ணில் விதி மாறினால் என்ன நடக்கும் என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்? 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் நகரத்தார் கைக்கு வந்திருந்தது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம், 1960களில் எஞ்சிய தொழில்களும் போயின. நடந்தே ஊர் திரும்பியவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த வீடுகள், பேரப்பிள்ளையை அனுப்பும்போது ஒரு முகவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்புவது எனக்குப் புரியவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். காரைக்குடியில் சங்கத்துக்குரிய ஓர் அறையில் வெளிநாட்டுக் கல்விக்கென ஒரு மேசையைத் தொடங்குங்கள். பணம் கட்டும் முன் எந்தக் குடும்பமும் சேர்க்கைக் கடிதத்தை அங்கே கொண்டுவந்து சரிபார்க்க முடிய வேண்டும். காசிக்கும் இராமேசுவரத்துக்கும் போகிறவர்களுக்கு விடுதி கட்டியவர்கள் நீங்கள். டொராண்டோவிலும் மெல்போர்னிலும் கட்டடம் வேண்டாம், முதல் மாதத்தில் பிள்ளையின் அழைப்பை எடுத்துப் பேச ஊர்க்காரர் ஒருவரின் பெயர் போதும். மணமான ஒவ்வொரு தம்பதியையும் ஒரு புள்ளியாகக் கணக்கிட்டு வாங்கும் புள்ளி வரியை இந்தச் செலவுக்குக் கேட்கத் தயங்குவீர்களானால், அங்கே வேலையில் அமர்ந்த பிள்ளைகளிடம் முதல் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு சிறு மகமை, அதாவது அறத்துக்கென ஒதுக்கும் பங்கு, கேளுங்கள். வியாபாரத்தில் மகமை எடுத்து வைத்த பரம்பரை அதை மறுக்காது.

இன்னொன்றையும் தயங்காமல் கேட்கிறேன். இந்த மேசை உங்கள் புள்ளிகளுக்கு மட்டும் என்று இருக்க வேண்டாம். உங்கள் வீடுகளில் சமைத்தவரின் மகளும், சுண்ணாம்பு பூசிய கொத்தனாரின் மகனும் இன்று அதே முகவரிடம்தான் போய் நிற்கிறார்கள். ஏமாந்தால் அவர்களுக்குத் திரும்பி வர வீடுகூட மிஞ்சாது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டியபோது, அதில் யார் படிக்கலாம் என்று குலம் பார்க்கவில்லை. அந்த வளாகத்தில் பொறியியல் பட்டப் படிப்பு நடக்கிறது என்பதே உள்ளூரில் பலருக்குத் தெரியாது. வெளியே போகத் தேவையில்லாத பிள்ளைக்கு அதைச் சொல்வதும் இந்த மேசையின் வேலையாக இருக்கட்டும்.

சனிக்கிழமைதோறும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை ஊதியம் இல்லாமல் அங்கே உட்கார நான் ஆயத்தமாக இருக்கிறேன். என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற இருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஓர் அறையும், இணைய இணைப்பும், ஒரு கணினியும் கொடுத்தால், ஜனவரிச் சேர்க்கைக்கான விண்ணப்பங்கள் வரத் தொடங்கும் முன் வேலையைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் ஒருவன்,
காரைக்குடி