சம்பளச் சீட்டைப் பத்திரமாக வை

அன்புள்ள கண்ணம்மா,

போனில் உன் சம்பளத்தைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டாய். இனி கேட்கமாட்டேன். சம்பளச் சீட்டை மட்டும் மாதம் தவறாமல் எடுத்துப் பத்திரமாக வை. அப்பாவுக்குக் கால்வலி தேவலை. தம்பி வழக்கம்போலத்தான்.

இரண்டு நாளாக உன் பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரே வேலைக்கு ஒருவருக்கு 100, இன்னொருவருக்கு 80. ஆண்டுக்கு இருவருக்கும் 10 சதவீத உயர்வு. எல்லோருக்கும் சமமாகத்தானே ஏற்றுகிறோம் என்பார்கள். ஆனால் வித்தியாசம் 20லிருந்து 22 ஆகும், பிறகு 24.2. பத்து ஆண்டில் 52ஐ நெருங்கிவிடும். விகிதம் மட்டும் 5க்கு 4 என்று அசையாமல் நிற்கும். சதவீதம் வேண்டாம், இருவருக்கும் ஒரே தொகை என்றாலும் அந்த 20 அப்படியே இருக்கும்.

சரி, 100 வாங்குபவருக்கு அதே 10 சதவீதம், 80 வாங்குபவருக்கு மட்டும் 15 சதவீதம் கொடுத்தால் எப்போது எட்டிப் பிடிப்பார்? ஆண்டை எக்ஸ் என்று வைத்துப் போட்டுப் பார். உனக்கு அரை நிமிஷ வேலை, பத்தாம் வகுப்பிலேயே கரும்பலகையில் என் தப்பைத் திருத்தியவள் நீ. 5 வருஷம் ஆகியும் நூலிழை பாக்கி இருக்கும். எட்டிப் பிடித்த பிறகும், அதுவரை குறைத்து வாங்கியது போனதுதான். எனக்கு மனசு ஆறாத இடம் அதுதான்.

சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1948லேயே மனித உரிமைப் பிரகடனத்தின் 23ஆம் பிரிவில் எழுதிவைத்தார்கள். பேச்சுப்போட்டியில் அதை முழங்கிப் பரிசு வாங்கிய பெண் இன்று வாய் திறக்கவில்லையே என்று உன்மேல் கோபம்கூட வந்தது. சீட்டுகளை எடுத்து வைக்கிறாய் அல்லவா?

28 வருஷம் அல்ஜீப்ரா நடத்தினேன். தொட்டிக்கும் குழாய்க்கும் ரயிலுக்கும் சமன்பாடு போட்டவள், என் சம்பளத்துக்குப் போடவில்லை. அந்த 80 நான்தான். 100 வாங்கியவர் என்னோடு ஒரே நாளில், அதே படிப்போடு சேர்ந்தவர். இரண்டாம் மாதமே பதிவேட்டில் பார்த்துவிட்டேன். அவர் குடும்பத்தைத் தாங்குகிற ஆண்பிள்ளை என்றார்கள். பேசாமல் கையெழுத்துப் போட்டேன். நீ வேலைக்குச் சேர்ந்த அன்று, "கொடுத்ததை வாங்கிக்கோ, கேட்டால் கெட்ட பேர்" என்று உனக்குச் சொல்லி அனுப்பியதும் நான்தானே.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். உன்னுடையதை நீ சொல்ல வேண்டாம். என்னுடையதை முதல் மாதத்திலிருந்து நான் சொல்கிறேன்.

உன் அம்மா