காபி வறுவலுக்கும் பதிவேடு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அராபிகா வகைக் காபியின் உலகச் சந்தை விலை 2025 பிப்ரவரியில் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது முதல், பச்சைக் கொட்டையின் விலையேற்றம் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி இடம்பெறுகின்றன. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கொட்டை வறுவலில் எவ்வளவு வீணாகிறது என்பதை யாரும் பேசாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வறுக்கும்போது ஈரம் போய் எடை குறைவது இயல்பு. பத்து கிலோ கொட்டையை 15 சதவீத இழப்போடு இறக்கினால் எட்டரை கிலோ கிடைக்கும். சற்றுக் கவனம் பிசகி இழப்பு 18 சதவீதமானால் 8.2 கிலோதான் மிஞ்சும். ஓர் ஈட்டுக்கு 300 கிராம் என்பது இன்றைய விலையில் சிறிய தொகை அல்ல. ஆனாலும் வறுத்து அரைத்துத் தரும் எங்களைப் போன்ற சிறு கடைக்காரர்களில் பலர் நிறத்தையும் புகையின் மணத்தையும் கொண்டே பதம் பார்க்கிறோம். அந்தக் கைப்பக்குவம் பெரிதுதான். எனினும் ‘போன வாரப் பொடி போல இல்லையே’ என்று வாடிக்கையாளர் கேட்கும்போது, எந்த இடத்தில் மாறியது என்று காட்ட எங்களிடம் ஒரு பதிவும் இருப்பதில்லை.

இதற்கென்றே ‘ஆர்ட்டிசான்’ என்ற கட்டற்ற மென்பொருள் பல ஆண்டுகளாக இருக்கிறது. யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் ஜிஎன்யு பொது உரிமத்தின் கீழ் வெளியாகும் இதை விண்டோஸ், மேக், லினக்ஸ் கணினிகளில் காசின்றி நிறுவிக்கொள்ளலாம். வறுவல் உருளையில் கொட்டைக் குவியலுக்குள் அமிழ்ந்திருக்கும்படி ஒரு தெர்மோகப்பிளையும் (வெப்பத்தை அளக்கும் உணர்கம்பி), சூடான காற்று செல்லும் வழியில் இன்னொன்றையும் பொருத்தி, ஓர் இடைமுகக் கருவி வழியாகக் கணினியோடு இணைத்தால், வெப்பநிலை கோடாகத் திரையில் விரியும். கொட்டையைக் கொட்டியதும் கோடு சரேலென இறங்கி, ஓரிரு நிமிடங்களில் அடிதொட்டு மீண்டும் ஏறும். பச்சை மறைந்து மஞ்சளாகும் கட்டம், கொட்டை படபடவென வெடிக்கத் தொடங்கும் ‘முதல் வெடிப்பு’க் கட்டம், இறக்கும் நேரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பொத்தான்கள் உள்ளன. போட்ட எடையையும் எடுத்த எடையையும் உள்ளிட்டால் இழப்புச் சதவீதத்தை அதுவே கணக்கிட்டுவிடும்.

எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது, வெப்பம் நிமிடத்துக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதைக் காட்டும் தனிக் கோடு. முதல் வெடிப்பின்போது இந்த வேகம் சட்டென விழுந்தால் காபி சப்பென்றாகிவிடும் என்பது வறுவல்காரர்கள் பலரின் அனுபவம். கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத இந்தச் சரிவைக் கோடு உடனே காட்டிக்கொடுக்கும். நன்றாக அமைந்த ஒரு பழைய ஈட்டின் கோட்டைப் பின்னணியில் மங்கலாக வைத்துக்கொண்டு, அதன் மேலேயே இன்றைய கோட்டை ஓட்டவும் முடியும். மாஸ்டர் விடுப்பில் போன நாளில் இதன் அருமை தெரியும்.

அடுத்தவர் கோட்டை அப்படியே நகலெடுத்துப் பயனில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தெர்மோகப்பிளின் தடிமனும் அது பொருந்தியுள்ள இடமும் மாறினால், ஓர் இயந்திரத்தில் 196 டிகிரியில் கேட்கும் முதல் வெடிப்பு மற்றொன்றில் வேறு எண்ணில் கேட்கும். இருப்பு மேலாண்மைக்கென இதனோடு இணையும் கட்டணச் சேவை ஒன்று தனியாக உண்டு. சிறு கடைக்கு அது தேவைப்படாது.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. வறுவல் இயந்திரங்களில் உள்ள வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பலவற்றில் மோட்பஸ் எனப்படும், கருவிகள் கம்பி வழியாகத் தரவைப் பரிமாறிக்கொள்ளும் முறையில் தரவை வெளியே அனுப்பும் வசதி இருந்தும், அந்தக் கம்பியை வெளியே எடுத்துத் தர விற்பனையாளர்கள் தயங்குகிறார்கள். என்னிடம் அதற்குத் தனித் தொகை கேட்கப்பட்டது. வறுவல் பயிற்சிகளை நடத்திவரும் பெங்களூரு காபி வாரியம், தன் பாடத்திட்டத்தில் இம்மென்பொருளுக்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும். அரசு மானியத்தில் வாங்கப்படும் ஒவ்வொரு வறுவல் இயந்திரத்திலும் தரவு இணைப்பு இருந்தாக வேண்டும் என்று நிபந்தனையும் விதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
காபி வறுவல் நிலைய உரிமையாளர்,
சேலம்.